பொத்தானை அழுத்தினால் மறுபக்கக் கணினிக்கு என்ன ஆகிறது?

ஒரே மேசையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு மானிட்டர் ஆகியவற்றால் இரண்டையும் இயக்க நினைப்பவர்கள் எல்லோரும் கடைசியில் கேவிஎம் (விசைப்பலகை, வீடியோ, மவுஸ் என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கம்) ஸ்விட்ச் என்னும் பெட்டியிடம் வந்து சேர்கிறார்கள். என் மேசையில் அலுவலக மடிக்கணினி ஒன்றும் சொந்த மேசைக்கணினி ஒன்றும் இருக்கின்றன. பகலில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று முறை வைத்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் ஒரே மணி நேரத்துக்குள் பலமுறை அங்கும் இங்கும் மாற வேண்டியிருக்கும் வேலை என்னுடையது. அப்படி மாறும் ஒவ்வொரு முறையும், பெரிய திரையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினியின் சிறிய திரைக்குள் வந்து குவிந்துவிடும். ஹெட்செட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒலி மடிக்கணினியின் ஒலிபெருக்கிக்குத் தாவியிருக்கும். திரும்பி வந்தால் விசைப்பலகை உயிர்பெறுவதற்குள் முதலில் தட்டிய இரண்டு மூன்று எழுத்துகள் எங்கோ போயிருக்கும். இதை யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: விலை கூடிய பெட்டியாக வாங்கு. அந்தப் பதில் என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. விலை கூடும்போது பெட்டிக்குள் எது கூடுகிறது என்று கேட்டால், யாரிடமும் தெளிவான விடை இல்லை. போர்ட்டுகளின் எண்ணிக்கை, 4கே, 60 ஹெர்ட்ஸ், யுஎஸ்பி 3.0 என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எதுவும் என் சாளரங்கள் ஏன் குவிகின்றன என்பதை விளக்கவில்லை.

பதிவேட்டில் தெரிந்தது

என் மேசைக்கணினியில் ஓடுவது லினக்ஸ். மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையைக் கொண்டு வலையமைப்பு வழியாக மேசைக்கணினிக்குள் நுழைந்து, அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவேட்டை வரிவரியாக ஓடும்படி திறந்து வைத்துவிட்டு, ஸ்விட்ச்சின் பொத்தானை ஒருநாள் அழுத்திப் பார்த்தேன். அதாவது, சாதனங்கள் மடிக்கணினிக்கு வந்து சேரும் அந்த நொடியில், கைவிடப்பட்ட கணினி என்ன காண்கிறது என்று பார்த்தேன். பொத்தானை அழுத்துவது நமக்கு ஒரே செயல். பதிவேட்டிலோ அது ஓர் அடுக்குச் சரிவாக இருந்தது. முதலில் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ஹப் (ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பகுதி) துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி. அதைத் தொடர்ந்து விசைப்பலகை துண்டிக்கப்பட்டது, மவுஸ் துண்டிக்கப்பட்டது, ஹெட்செட் துண்டிக்கப்பட்டது, வெப்கேம் துண்டிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. மீண்டும் பொத்தானை அழுத்தியபோது அதே சாதனங்கள் திரும்பி வந்தன. ஆனால் பழைய சாதனங்களாக அல்ல. 'புதிய யுஎஸ்பி சாதனம்' என்ற அறிவிப்போடு, ஒவ்வொன்றும் முன்பு பெறாத புதிய எண்ணைப் பெற்றுக்கொண்டு வந்தது. ஸ்விட்ச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. தினமும் வரும் விருந்தாளி ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று தன் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி உள்ளே வருவதைப் போலத்தான் என் விசைப்பலகை என் கணினிக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

யுஎஸ்பியின் அடிப்படை அமைப்பிலிருந்தே இது வருகிறது. அது ஒரே ஒரு தலைமைக் கணினியை வேராகக் கொண்ட மரம். சாதனங்கள் ஒன்றோடொன்று தாமாகப் பேசிக்கொள்வதில்லை, தலைமைக் கணினி கேட்டால் மட்டுமே பதில் சொல்கின்றன. முகவரிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 7 பிட்டுகள் என்பதால் ஒரு மரத்தில் 127 சாதனங்கள் வரை இருக்கலாம். ஆனால் ஒரு சாதனத்துக்கு இரண்டு தலைமைகள் இருக்க வழியில்லை. புதிய சாதனம் ஒன்று செருகப்பட்டதைத் தரவுக் கம்பியில் ஏறும் மின்னழுத்தத்தைக் கொண்டு கணினி அறிகிறது. அதை ரீசெட் செய்கிறது, முகவரி தருகிறது, நீ யார், உன்னால் என்னென்ன முடியும் என்று விவரக்குறிப்புகளைக் கேட்டு வாங்குகிறது, அதற்குரிய டிரைவர் என்ற இயக்க நிரலை ஏற்றுகிறது. இவ்வளவும் முடிய ஒரு நொடியோ அதற்குச் சற்று மேலோ ஆகிறது. எனவே இரண்டு கணினிகள் ஒரு யுஎஸ்பி சாதனத்தைப் பகிர்கின்றன என்று நாம் பேசுவதெல்லாம் பேச்சு வழக்குதான். ஒன்றிடமிருந்து பிடுங்கி மற்றொன்றில் செருகுவதைக் கைக்குப் பதிலாக ஒரு சில்லு செய்கிறது.

அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு ஸ்விட்ச்சுகளை நான் வகைப்படுத்தும் விதமே மாறிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட கணினிக்குப் பெட்டி என்ன தருகிறது என்பதில் பெட்டிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாமே ஒரு விசைப்பலகையையும் ஒரு படத்தையும் தருகின்றன. தேர்ந்தெடுக்கப்படாத கணினியிடம் அது என்ன சொல்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. சில பெட்டிகள் 'எல்லாம் போய்விட்டது' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகின்றன. சில பெட்டிகள் 'எல்லாம் இங்கேயே இருக்கிறது, யாரும் இப்போது தட்டவில்லை, அவ்வளவுதான்' என்று பாவனை செய்கின்றன. விலை கூடும்போது பெரும்பாலும் கூடுவது இந்தப் பாவனையின் தரம்.

குமிழ் திருகிய காலம்

இந்தப் பாவனை யுஎஸ்பியோடு பிறந்ததல்ல. அதற்கு முன்பு, விஜிஏ மானிட்டரும் பிஎஸ்-2 விசைப்பலகையும் இருந்த காலத்தில், முன்பக்கத்தில் ஒரு குமிழைக் கொண்ட இரும்புப் பெட்டிகள் இருந்தன. குமிழைத் திருகினால் உள்ளே உலோகத் தொடுமுனைகள் இடம் மாறும். அவற்றில் வேறு எந்த அறிவும் கிடையாது. இதே வகைப் பெட்டிகளைப் பேரலல் போர்ட் அச்சுப்பொறிகளுக்கும் பயன்படுத்தினார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடுமுனைகள் விலகிச் சேர்வதால் எழும் மின்துடிப்பு லேசர் அச்சுப்பொறிகளின் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கைகளும் அப்போது உண்டு. அச்சுப்பொறிகள் பிறகு வலையமைப்பில் நேரடியாக இணையத் தொடங்கிவிட்டதால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. விசைப்பலகையின் கதை முடியவில்லை. பிஎஸ்-2 இணைப்பு, கணினி ஓடும்போது பிடுங்கிச் செருகுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. கணினி தொடங்கும் நேரத்தில் விசைப்பலகை இல்லையென்றால், இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயோஸ் என்ற தொடக்க நிரல் அங்கேயே நின்றுவிடும். விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு எஃப்-1 விசையை அழுத்துக என்று திரையில் வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற வேடிக்கை அக்காலத்துக்கு உரியது. பத்துச் சர்வர்களுக்கு ஒரே விசைப்பலகை என்ற நிலையில் இது வேடிக்கையாக இருக்காது. ஒரு சர்வர் நள்ளிரவில் தானாக மறுதொடக்கம் செய்யும்போது குமிழ் வேறொன்றை நோக்கித் திரும்பியிருந்தால் அது எழவே எழாது.

ஆகவே மின்னணு ஸ்விட்ச்சுகள் வந்தபோது, ஒவ்வொரு போர்ட்டுக்குப் பின்னாலும் ஒரு நுண்கட்டுப்படுத்தி விசைப்பலகையாக நடிக்கத் தொடங்கியது. உண்மையான விசைப்பலகை எங்கே இருந்தாலும், ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒன்று எப்போதும் செருகியிருப்பதாகவே நம்பியது. எந்தக் கணினியில் கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தது என்பதைக்கூட அந்தப் பெட்டி நினைவில் வைத்து, திரும்பி வரும்போது விளக்கை ஏற்றிக்கொடுத்தது. இன்றைய யுஎஸ்பி கேவிஎம் பெட்டிகள் பலவற்றின் நடத்தைக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

பாவனைக்குக் கொடுக்கும் விலை

நடிப்பதற்கு ஒரு வேடம் வேண்டும். யுஎஸ்பி பெட்டிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் வேடம் மிகச் சாதாரணமான ஒரு விசைப்பலகையும் மிகச் சாதாரணமான ஒரு மவுஸும். பயோஸ் புரிந்துகொள்ளும் அந்த எளிய வடிவில் விசைப்பலகை அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையும் 8 பைட்டுகள்: ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, வெறுமனே விடப்பட்டது ஒன்று, மீதி ஆறில் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்ட ஆறு விசைகள். ஒலியளவைக் கூட்டும் குறைக்கும் விசைகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவை வேறொரு வகை அறிக்கையில் வருபவை. மவுஸின் எளிய வடிவமும் அப்படித்தான்; பொத்தான்களுக்கு ஒன்று, கிடைமட்ட நகர்வுக்கு ஒன்று, செங்குத்து நகர்வுக்கு ஒன்று என்று மூன்று பைட்டுகள். பக்கவாட்டுப் பொத்தான்களும் சாய்ந்து உருளும் சக்கரமும் நொடிக்கு ஆயிரம் முறை நிலையைச் சொல்லும் துல்லியமும் இந்த வேடத்துக்குள் அடங்கமாட்டா. எனவே பாவனை செய்யும் பெட்டியில் நல்ல விசைப்பலகையைச் செருகுபவர், தன் விசைப்பலகையின் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்.

நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகைகளை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. அவை தம்மை ஒரே சாதனமாக அல்லாமல் விசைப்பலகை, மவுஸ், ஊடகக் கட்டுப்பாடு என்று பல முகங்களோடு அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. பெட்டியின் எளிய சில்லு அதைப் புரிந்துகொள்ளாமல் மொத்தமாகவே வேலை செய்ய மறுத்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு, அது கையேடுகளில் அரிதாகவே எழுதப்பட்டிருக்கும். பல கேவிஎம் பெட்டிகளில் விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் படம் போட்ட இரண்டு போர்ட்டுகளும், எந்தப் படமும் இல்லாத வேறு சில யுஎஸ்பி போர்ட்டுகளும் இருக்கும். பாவனை நடப்பது படம் போட்ட போர்ட்டுகளில் மட்டும்தான். மற்றவை வெறும் ஹப், அதாவது பிடுங்கிச் செருகும் வகை. விசைப்பலகையை அந்த வெறும் போர்ட்டில் செருகினால் எல்லா விசைகளும் உயிர்பெறும். அதற்கு ஈடாக இழப்பது, ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டிக் கணினி மாற்றும் வசதியை. பெட்டி தட்டல்களைப் படித்துப் பார்த்தால்தான் அந்தக் கட்டளையை அறியமுடியும். வெறும் போர்ட்டில் அது எதையும் படிப்பதில்லை. ஸ்க்ரோல் லாக் இல்லாத சிறிய விசைப்பலகைகள் பெருகிவிட்டதால், இந்த இழப்பு பலருக்கு இழப்பாகவே தோன்றாது.

இவை இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வகையும் இருக்கிறது. அதில் பெட்டி பொதுவான வேடம் எதையும் போட்டுக்கொள்வதில்லை. உண்மையான விசைப்பலகையின் விவரக்குறிப்புகளை வாங்கி, அதே விவரக்குறிப்புகளோடு எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. கட்டுப்பாட்டு அறைகளுக்கான பெட்டிகளில் இதைக் காணலாம். மாறும் நேரமும் இல்லை, விசைகளின் இழப்பும் இல்லை. என்னளவில் பாவனை என்ற சொல்லுக்குத் தகுதியுள்ளது இந்த வகைதான். மற்றவை பேருக்கு நடிப்பவை.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் போகமுடியாது. மேலே சொன்ன எந்த வகையானாலும், அதன் ஹப் போர்ட்டில் வெளிப்புற வன்தட்டைச் செருகி வைக்கக் கூடாது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது பொத்தான் அழுத்தப்பட்டால் கணினியின் பார்வையில் அது முறையாக வெளியேற்றாமல் வட்டைப் பிடுங்கியதற்குச் சமம். விசைப்பலகை போய்த் திரும்புவதால் எதுவும் கெடாது, கோப்புமுறை அப்படியல்ல.

திரைதான் கடினமான பாதி

விசைப்பலகையின் பாவனையை ஒரு சின்னச் சில்லு செய்துவிடும். திரையின் பாவனை அவ்வளவு எளிதில்லை, என் சாளரங்கள் குவிந்ததற்கும் காரணம் திரைதான். மானிட்டருக்கும் கணினிக்கும் இடையே படம் போகும் வழியைத் தவிர இன்னும் இரண்டு சின்ன வழிகள் இருக்கின்றன. ஒன்று, மானிட்டர் செருகப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு கம்பி. எச்டிஎம்ஐ இணைப்பானில் அது 19-ஆம் ஊசி. மற்றொன்று, மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஈடிஐடி என்ற 128 பைட்டுக் குறிப்பையும் அதன் தொடர்ச்சிகளையும் படிக்கும் வழி. தயாரித்தவர் யார், எந்தெந்தத் தெளிவுத்திறன்கள் முடியும் என்பவை அதில் இருக்கும். பெட்டி மாறும்போது அந்த 19-ஆம் ஊசியின் மின்னழுத்தம் இறங்கினால், மானிட்டர் பிடுங்கப்பட்டது என்று இயங்குதளம் முடிவு செய்து, அங்கிருந்த சாளரங்களை மிச்சமிருக்கும் திரைக்கு அழைத்துக்கொள்கிறது. அது தன் கடமையைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத திரையில் சாளரங்களை விட்டுவைத்தால் அப்போதும் நாம் குறைதான் சொல்வோம். விண்டோஸ் 11-இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டிருப்பதே இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்று.

நல்ல கேவிஎம் பெட்டி இங்கேயும் நடிக்கிறது. மானிட்டரின் ஈடிஐடி குறிப்பைத் தனக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மானிட்டர் வேறு கணினிக்குப் போயிருக்கும்போதும் அந்த ஊசியின் அழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்து, பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கும். விளம்பரத்தில் ஈடிஐடி பாவனை என்று எழுதியிருந்தால் பொருள் இதுதான். ஆனால் எச்டிஎம்ஐயில் ஓரளவு எளிதான இது டிஸ்ப்ளேபோர்ட்டில் கடினமாகிறது. அதில் கணினியும் மானிட்டரும் படம் அனுப்பத் தொடங்குமுன், எத்தனை தடங்கள், எந்த வேகம் என்று தமக்குள் சோதித்து ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உரையாடலைத் தொடர்ந்து நடத்தும் துணைத்தடம் ஒன்றும் உண்டு. இல்லாத மானிட்டர் இருப்பதாகக் காட்ட, பெட்டி இந்த உரையாடல் முழுவதையும் தானே நடத்தியாக வேண்டும். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் எச்டிஎம்ஐ பெட்டியில் இருக்கும் பாவனை அதன் டிஸ்ப்ளேபோர்ட் பெட்டியில் இல்லாமல் போவதுண்டு; வாங்குபவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக்கூடும்.

இதோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது. 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் சுமார் 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட்டுகள், நொடிக்கு 60 படங்கள் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 12 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தக் கொள்ளளவே 10.2 ஜிகாபிட் என்பதால், அந்தத் தலைமுறைப் பெட்டிகள் 4கே என்று அட்டையில் போட்டுக்கொண்டாலும் தருவது 30 ஹெர்ட்ஸ்தான். 30 ஹெர்ட்ஸில் மவுஸை நகர்த்திப் பார்த்தவர்களுக்குச் சுட்டியின் தயக்கம் தெரிந்திருக்கும். எச்டிஎம்ஐ 2.0-இன் 18 ஜிகாபிட்டில்தான் 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு அடங்கும். இவ்வளவு வேகமான சமிக்ஞை, நடுவில் ஒரு பெட்டி வந்தால் ஒரு கேபிளுக்குப் பதிலாக இரண்டு கேபிள்களையும் கூடுதலாக இரண்டு இணைப்பான்களையும் கடக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவதற்குப் பெட்டியைத் திட்டுகிறோம். பல நேரங்களில் குற்றவாளி நீளமான கேபிள்.

பிரித்துவிட்டால் என்ன?

பதிவேட்டைப் பார்த்த பிறகு எனக்குள் வலுத்த கருத்து இது: ஒரே ஒரு மானிட்டரும் இரண்டு கணினிகளும் உள்ளவருக்கு முழு கேவிஎம் பெட்டி பெரும்பாலும் தேவையில்லை. மானிட்டரிலேயே இரண்டு மூன்று உள்ளீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கணினியையும் நேரடியாக ஒரு கேபிளால் அதில் செருகிவிட்டு, விசைப்பலகையையும் மவுஸையும் மட்டும் எளிய யுஎஸ்பி ஸ்விட்ச் வழியே மாற்றினால் போதும். 12 ஜிகாபிட் சமிக்ஞை எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைவதில்லை. திரையின் முழு வேகமும் கிடைக்கும். பெட்டியும் எளிமையாக, பழுதாக வாய்ப்புக் குறைந்ததாக இருக்கும். விசைப்பலகை ஒரு நொடி தாமதமாக உயிர்பெறும் என்பது மட்டுமே மிச்சம். அது எனக்குப் பொருட்டில்லை. சாதனம் போய்விட்டது என்று உள்ளதைச் சொல்லும் ஸ்விட்ச்சில் எல்லா விசைகளும் வேலை செய்கின்றன, எந்த விசைப்பலகையானாலும் வேலை செய்கிறது. பேருக்கு நடிக்கும் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

திரையை மாற்ற மானிட்டரின் பின்னால் இருக்கும் பொத்தானை விரலால் தேட வேண்டுமே என்று கேட்கலாம். தேட வேண்டியதில்லை. ஈடிஐடி குறிப்பு வரும் அதே சின்ன வழியில் மானிட்டருக்குக் கட்டளைகளும் அனுப்பலாம். டிடிசி-சிஐ என்பது அதற்கான நெறிமுறை. பிரகாசத்துக்கு ஓர் எண், ஒலியளவுக்கு ஓர் எண் என்று ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. உள்ளீட்டை மாற்றுவதற்கு, பதினாறடிமான முறையில் 60. லினக்ஸில் டிடிசி-யூட்டில் என்ற கருவி இந்தக் கட்டளையை அனுப்பும். மற்ற இயங்குதளங்களுக்கும் இப்படிப்பட்ட கருவிகள் உண்டு. யுஎஸ்பி விசைப்பலகை துண்டிக்கப்பட்டதைக் கவனித்து அந்த நொடியே கட்டளையை அனுப்பும்படி ஒரு சிறு நிரலை ஓடவிட்டால், ஸ்விட்ச்சின் பொத்தானே திரையையும் மாற்றிவிடுகிறது. எந்தத் துண்டிப்பு வரி என்னை உறுத்தியதோ, அதுவே இங்கே பயனுள்ள சமிக்ஞையாகிவிட்டது. பாவனை செய்யும் பெட்டியாக இருந்திருந்தால் இதைச் செய்யவே முடியாது, ஏனெனில் கணினிக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதிலும் முட்கள் உண்டு. பல மானிட்டர்கள் இப்போது காட்டிக்கொண்டிருக்கும் உள்ளீட்டிலிருந்து வரும் கட்டளையை மட்டுமே கேட்கும். எனவே திரையை இழக்கப்போகும் கணினிதான் கட்டளை அனுப்ப வேண்டும், பெறப்போகும் கணினி அனுப்பினால் வேலை நடக்காது. உள்ளீடுகளின் எண்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடும் இருக்கிறது. ஒருமுறை தேடிக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளீடு மாறும்போது டிஸ்ப்ளேபோர்ட்டில் மானிட்டர் போய்விட்டதாகக் காட்டிக்கொள்ளும் மானிட்டர்களும் இருக்கின்றன. அவற்றில் சாளரங்கள் மீண்டும் குவியும். என் மடிக்கணினியை எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு மாற்றியதும் அது நின்றது. எல்லா மானிட்டரிலும் இது நிற்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். உள்ளேயே யுஎஸ்பி ஸ்விட்ச் பொதிந்த மானிட்டர்களும் வருகின்றன. உள்ளீட்டோடு சேர்த்து யுஎஸ்பியையும் தாமே மாற்றிக்கொள்ளும் அவை, புதிதாக மானிட்டர் வாங்குபவருக்கு எல்லாவற்றிலும் எளிய வழி.

பெட்டி இல்லாத வழியும் பெட்டி தேவைப்படும் இடமும்

ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனித் திரை இருக்கும்போது, படத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. விசைப்பலகையையும் மவுஸையும் வலையமைப்பு வழியாகவே பகிரலாம். 2001-இல் தொடங்கிய சினெர்ஜி இதில் மூத்தது. அதன் கிளைகளாகப் பேரியர், இன்புட் லீப் ஆகியவை வந்தன. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் நான்கு கணினிகள் வரை இணைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் 2022 முதல் யுனிவர்சல் கன்ட்ரோல் இருக்கிறது. சுட்டியைத் திரையின் விளிம்பு வரை தள்ளினால் அது பக்கத்துக் கணினியில் தோன்றும். கையில் பழகிவிட்டால் பொத்தான் என்ற ஒன்றே மறந்துவிடும். ஆனால் இவை இயங்குதளம் எழுந்த பிறகு மட்டுமே உயிருள்ளவை. பயோஸ் அமைப்புக்குள் நுழையவும், மறையாக்கம் செய்யப்பட்ட வட்டு தொடக்கத்தில் கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டவும் இவற்றால் முடியாது. அலுவலக மடிக்கணினியில் விபிஎன் (அலுவலக வலையமைப்போடு மறையாக்கிய இணைப்பு) போட்டதும் உள்வலையமைப்பு அடைபட்டு, பகிர்வும் அதோடு நின்றுபோவது சாதாரணம். வெளி மென்பொருளை நிறுவவே பல அலுவலகங்கள் விடுவதில்லை. என் மடிக்கணினிக்கு இந்த வழி மூடியிருப்பது இதனால்தான். மூன்று கணினிகளோடு இணைந்து ஒரு விசையில் மாறும் புளூடூத் விசைப்பலகைகளும் பயோஸின் முன் இதே போலக் கைவிரிக்கின்றன.

பெட்டி தவிர்க்கமுடியாத இடங்களும் உண்டு, அவற்றில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. வெவ்வேறு இரகசியத் தரமுள்ள வலையமைப்புகளைச் சேர்ந்த கணினிகளை ஒரே மேசையில் வைத்திருக்கும் அரசு, பாதுகாப்பு அலுவலகங்களுக்கான பெட்டிகளில், விசைப்பலகையிலிருந்து கணினியை நோக்கி மட்டுமே தரவு போகும். எதிர்த்திசையில் எதுவும் வராது. கேப்ஸ் லாக் விளக்கை எரியச் சொல்லும் கட்டளை கணினியிலிருந்து விசைப்பலகைக்கு வருவது என்பதால், அதையும் துண்டித்துவிடுகிறார்கள். தீங்குநிரல் புகுந்த கணினி அந்த விளக்கின் வழியாகவே ஒரு தகவலை விசைப்பலகையில் விட்டுச்செல்ல, பொத்தானை மாற்றியதும் மற்றக் கணினி அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதே அஞ்சப்படும் வழி. மானிட்டரின் ஈடிஐடி நினைவகத்துக்கும் இதே அச்சம் பொருந்தும். எனவே ஒவ்வொரு போர்ட்டுக்கும் எழுதமுடியாத தனிப் பிரதி வைக்கப்படுகிறது. நம் மேசையில் வசதிக்காகச் செய்யும் பாவனை அங்கே காவலுக்காகச் செய்யப்படுகிறது. தொலைவில் இருக்கும் சர்வருக்கு ஐபி வழி, அதாவது வலையமைப்பு வழியே இயங்கும், கேவிஎம் என்னும் வகை இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைக் கொண்டு செய்யும் பைகேவிஎம் போன்றவை திரையைப் பிடித்து உலாவிக்கு அனுப்பி, தாமே யுஎஸ்பி விசைப்பலகையாகவும் நடிப்பதால் பயோஸ் வரை எட்டும். அதை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பது, கணினியின் முன்னால் நாற்காலி போட்டு ஊராரை உட்காரச் சொல்வதாகும்.

என் மேசையில் தீராமல் நின்றது உறக்கம் மட்டும்தான். உறங்கப்போகும் கணினி, அப்போது செருகியிருக்கும் விசைப்பலகையிடம்தான் 'தட்டினால் என்னை எழுப்பு' என்று சொல்லி வைக்கிறது. நான் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேசைக்கணினி உறங்கிவிட்டால், பிறகு பொத்தானை அழுத்தி விசைப்பலகையை அதனிடம் கொண்டுபோனாலும் அந்த ஏற்பாடு இல்லாத புதிய சாதனமாகவே அது போய்ச் சேர்கிறது. எவ்வளவு தட்டினாலும் கணினி அசைவதில்லை. சாதனம் செருகப்படுவதையே விழிப்புக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் கணினிகளும் உண்டு. அவை வேண்டாத நேரத்தில் எல்லாம் எழுந்துவிடும். விசைப்பலகை எப்போதும் இருப்பதாக நடிக்கும் பெட்டியில் இந்தச் சிக்கலே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மடிக்கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக எழுப்பும் பொதியை அனுப்பலாம்தான். ஆனால் விபிஎன் அதை வெளியே விடுவதில்லை. ஆகையால் மேசைக்கணினியின் மின்பொத்தானையே பயன்படுத்துகிறேன். அது மேசைக்கு அடியில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும்.